செல்வராணியும் ஐந்து போத்தல்களும்

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்ப்பவனை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவன் சொல்வதைக் கேட்க வேண்டிய நேரம் வரும் வரைக்கும். மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சாவிக்கொத்து

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் செல்வராணி வலிப்பு வந்து விழுந்தாள். மூன்று வயதுப் பெண்பிள்ளைக்குத் தாய். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கங்காணி மடுவத்துச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்துக்கொண்டிருந்தார். ஒருத்தி வாயில் கரண்டி வைக்கப் பார்த்தாள். கரண்டியைப் பிடுங்கிவிட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலிப்பு அடங்கும்வரை தலைக்குக் கீழே கையை வைத்திருந்தேன். மூன்று நிமிடத்தில் கண் விழித்தாள்.

இரும்பில் ஒன்றுமில்லை, வலிப்பு தானாகத்தான் நின்றது என்று கங்காணியிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் சாவியைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சாவி குடுத்தேன், எந்திரிச்சா. நீங்க வந்து என்னங்க செஞ்சீங்க?"

சுத்தமான வீடு

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒரு சின்னக் கட்டி. நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வந்தது, வலிப்புக்கு அதுதான் காரணம் என்றார் பெரிய டாக்டர். அங்கேயே வைத்து வைத்தியம் பார்த்து, தினமும் போட வலிப்பு மாத்திரையும் எழுதி அனுப்பினார். அவளுடைய மாமியார் மாரியாயிக்கு அதை விளக்கும் வேலை எனக்கு வந்தது.

சரியாக வேகாத பன்றி இறைச்சியிலிருந்து அந்தப் புழு ஒருவர் குடலுக்குள் போகும். அவருக்கு ஒன்றும் தெரியாது. முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். அவர் சோப்புப் போட்டுக் கை கழுவாவிட்டால் முட்டை சாப்பாட்டில் சேரும். அந்தச் சாப்பாட்டைத் தின்றவருக்கு மூளை வரைக்கும் போகலாம். பன்றியைத் தொடாதவருக்கும் இப்படித்தான் வலிப்பு வருகிறது. இவ்வளவையும் சொன்னேன். மாரியாயியின் காதில் 'பன்றி' மட்டும்தான் விழுந்தது.

"நாங்க வெள்ளி செவ்வாய் முட்டைகூட தொடாத வீடுங்க. இவ தாய்வீட்டுல தின்னுட்டு வந்திருப்பா. சீக்காளிய மறைச்சுக் கட்டி வச்சிட்டாங்க. ஆடி போகட்டும், பிள்ளைய நான் வச்சிக்கிட்டு இவளைத் தெமோதரைக்கு, அவ தாய்வீட்டுக்கே அனுப்பிடுறேன்."

செல்வராணி பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட பொத்தானையே கழற்றி மறுபடியும் போட்டாள். தலை நிமிராமல் சொன்னாள்:

"எங்க வீட்டுல கோழியே தீபாவளிக்கு மட்டுந்தாங்க."

ஐந்து போத்தல்

பிள்ளை, மாமனார் உட்பட வீட்டில் ஐந்து பேருடைய மலத்தையும் பார்க்கவேண்டும் என்று பதுளையிலிருந்து சொன்னார்கள். பெயர் ஒட்டிய ஐந்து சின்னப் போத்தல்கள் கொடுத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே மாரியாயி ஒரு ஷொப்பிங் பேக்கோடு வந்துவிட்டார். ஐந்தும் நிறைந்திருந்தன. இதே வேலையில் இருப்பவர்கள் என்னை நம்பமாட்டார்கள். வழக்கமாக ஒரு போத்தலுக்கே, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு ஒரு வாரம் நடக்கவேண்டும்.

பாராட்டிக்கொண்டே பெயர்களைப் பதிவு செய்தேன். நான்காவது அவருடைய மகன், செல்வராணியின் புருஷனுடையது. அவன் மூன்று நாளாக வெலிமடையில் உருளைக்கிழங்கு லொறியில் வேலைக்குப் போயிருந்தான். அவனுடையது எப்படி வந்தது என்று கேட்டேன்.

"நோய் அவளுக்குத்தானேங்க? அதான் அவளோடதையே அஞ்சுலயும் போட்டுட்டேன். எங்களோடதைப் பதுளை வரைக்கும் அனுப்பி எதுக்கு மானத்தை வாங்கணும்?"

கதவைச் சாத்திக்கொண்டு

இரண்டாவது தடவை, மகன் ஊருக்கு வந்தபிறகு, சரியாகவே கொடுத்தார்கள். நான்கு பேருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்குப் புழு முட்டை இருந்தது. மாரியாயியை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

முட்டை இருந்தது அவருடைய போத்தலில்தான் என்றேன். மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் மகன் கலியாணத்தில் பன்றி இறைச்சி இரண்டே துண்டு ருசி பார்த்ததாகச் சொன்னார். வீட்டில் ரொட்டிக்கு மாவும், தொட்டுக்கொள்ளப் பச்சையாகத் தேங்காய்ச் சம்பலும் பிசைவது யார் என்று கேட்டேன்.

"ரெண்டும் நான்தாங்க. அவ மாவு பிசைஞ்சா கல்லாட்டம் இருக்கும்."

சொல்லி முடித்ததும் தன் கைகளைப் பார்த்தார். இவரிடமிருந்துதான் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"அப்ப என்னையில்லங்க அனுப்பணும்? எனக்குப் போறதுக்குத் தாய்வீடும் இல்லையே."

யாரும் எங்கேயும் போகவேண்டாம், உங்களுக்கு மாத்திரை இருக்கிறது, கைக்குச் சோப்பு இருக்கிறது, யாரிடமும் நான் சொல்லப்போவதில்லை என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். வெளியே பிள்ளையோடு செல்வராணி, அவளுக்குப் பின்னால் மருந்துக்கு நின்ற பத்துப் பதினைந்து பேர். நான் காப்பாற்றி வைத்திருந்த ரகசியத்தை அவரே அத்தனை பேருக்கும் முன்னால் போட்டு உடைத்தார்.

"பூச்சி எனக்குள்ளதான் இருக்காம்டி. மாத்திரை முடியறவரைக்கும் நீயே மாவு பிசை. கல்லாட்டம் இருந்தாலும் தின்னு தொலைக்கிறேன், நீ எங்கயும் போயிடாத."

இந்த வேலையில் மாத்திரையை எண்ணிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அதை வாங்கிக்கொள்ள ஒரு வீடு சம்மதிக்கிறவரைக்கும் போத்தல்களோடு லயத்துக்கு நடப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.