நாப்பது நாள் புருஷன்

தையல்காரம்மா தன் புருஷனோடு உருப்படியாகக் குடித்தனம் நடத்தியதெல்லாம் தவக்காலத்தில் மட்டும்தான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அவளுடைய மகளுக்கும் மகனுக்கும் வருஷக் கடைசியில்தான் பிறந்தநாள். காரணத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், அவள் வாயைத் திறந்து சொல்லமாட்டாள்.

அவன் பள்ளிக்கூட பஸ் டிரைவர். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் ஏறிவிட்டால் ஈஸ்டர் வரை நாற்பது நாளும் பாட்டிலைத் தொடமாட்டான். சொன்ன சொல் சொன்னதுதான். மாலையில் நேராக வீட்டுக்கு வருவான். மகனோடு உட்கார்ந்து கணக்குப் போடுவான். அவள் வெட்டிப்போட்ட துணுக்குத் துணிகளைக் கூட்டி அள்ளுவான். ஈஸ்டர் விருந்தோடு அந்த நல்ல மனுஷன் காணாமல் போய்விடுவான். பஸ் ஷெட்டில் அவனுக்கு 'நாப்பது நாள்' என்றே பட்டப்பெயர். அவனும் அதற்குப் பல்லைக் காட்டுவான்.

தவக்காலம் மனம் திரும்பும் காலம் என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொல்வார். சரிதான். அதற்கு முந்தைய வாரம் என்ன காலம் என்று அவள் வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நெடும்பயணம் போகிறவன் வயிறு முட்டச் சாப்பிட்டுக்கொள்வதுபோல அவன் குடிப்பான். சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை எழுந்திருக்கவே மாட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும், அவள் பொய் சொல்வாள். காய்ச்சல் என்பாள், வயிற்றுப்போக்கு என்பாள். இல்லாத அத்தை ஒருத்தியை இரண்டு தடவை சாகடித்திருக்கிறாள். இரண்டாம் தடவை மேனேஜர், "அவங்க போன வருஷமே தவறிட்டாங்களேம்மா?" என்று கேட்டுவிட்டார். "இது அவங்க தங்கச்சிங்க சார்" என்று கூசாமல் சமாளித்தாள்.

இந்த வருஷம் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். இனி திடீரென்று ஒரு நாள் நின்றாலும் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வார்களாம். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் அவன் எழுந்துவிட்டான். எழுந்ததுதான் வினையாகப் போயிற்று.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கயா? வேலைக்குத்தான்."

சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தான். அவன் வாயைத் திறந்ததும் அவளுக்குக் குமட்டியது.

"இந்த நிலைமையில வண்டி எடுக்காதீங்க. உங்க கால்ல விழறேன். நான் போன் பண்ணி எதையாவது சொல்லிக்கிறேன்."

"நீ சொன்னதெல்லாம் போதும். நின்னா வேலை போயிடும்னு தெரியாதா? இன்னைக்கு ஒரு நாள்தாண்டி. நாளையிலேர்ந்து நான் வேற ஆளு."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் ஆபத்து. நாளைக்கு அவன் வேறு ஆள்தான். பிள்ளைகள் ஏறப்போவது இன்றைக்கு.

அவன் படியிறங்கிப் போய்விட்டான். தையல் மெஷினில் பாதி தைத்த சின்னச் சட்டை ஒன்று கிடந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் தைப்பவளும் அவள்தான். அது இடது தோள் கொஞ்சம் இறங்கிய ஒரு பெண்குழந்தையின் சட்டை. அளவெடுக்கும்போது கூச்சம் தாங்காமல் நெளிந்து நெளிந்து சிரித்த குழந்தை. அவன் பஸ்ஸில்தான் போகிறது.

"அம்மா, இந்தத் தடவ என்ன சொல்லப் போற?" என்று மகள் கேட்டாள். அவள் போனை எடுத்தாள்.

"சார், அவர வண்டியில ஏத்தாதீங்க. குடிச்சிருக்காரு."

மேனேஜர் சலித்துக்கொண்டார். "ஏம்மா, போன மாசம்தான் அவருக்குக் காய்ச்சல்னீங்க. இப்ப இதுவா? வீட்டுச் சண்டைய வீட்டோட வச்சுக்கோங்க."

"சத்தியமா சொல்றேன் சார்!"

போன் கட்டாகிவிட்டது. இத்தனை வருஷம் சொன்ன பொய்யெல்லாம் நம்பினார்கள், ஒரே ஒரு உண்மையை நம்ப ஆளில்லை. அவள் தலையிலடித்துக்கொண்டாள். பிறகு கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினாள்.

ஷெட்டை அடைந்தபோது பஸ் வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் குறுக்கே போய் நின்றாள். அவன் ஹாரனை அழுத்திப் பிடித்தான்.

"தள்ளுடி!"

"என் மேல ஏத்திட்டுப் போங்க."

வண்டி முட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. அவள் நகரவில்லை. காவலாளி ஓடிவந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார், முகத்தைச் சுளித்தார், சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மற்ற டிரைவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்று 'நாப்பது நாள்' என்று யாரும் கூப்பிடவில்லை. மேனேஜர் வந்தார், வேலை போயிற்று. தன் கையாலேயே வீட்டு அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை காலையில் அவன் முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டுக் கோயிலுக்குக் கிளம்பினான். வழியெல்லாம் ஒரு பேச்சில்லை. வேறு வருஷமாக இருந்தால், "நான் குடிய விட்டாச்சு, நீ எத விடப் போற?" என்று சீண்டுவான். கேட்டிருந்தால் இந்த வருஷம் அவளிடம் பதில் இருந்தது.

சாம்பல் பூசும் வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா திரும்பிப் பார்த்தாள். "என்ன தம்பி, இன்னைக்கு டூட்டி இல்லையா?"

அவன் பழக்கதோஷத்தில் பெண்டாட்டியைப் பார்த்தான். இத்தனை வருஷமும் இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அவள் சொல்லும் பொய்தானே பதில். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறக்கவில்லை. வரிசை ஓரடி நகர்ந்தது.

"வேலை போயிடுச்சுக்கா," என்றான் அவன். "குடிச்சிட்டு வண்டி எடுத்தேன். இவதான் குறுக்க வந்து நின்னா."

முன்னால் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காதுவரை சிவந்துபோனான். அவன் வெட்கப்பட்டு அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷனை ஈஸ்டர் வந்து மறுபடியும் கொண்டுபோய்விடுமே என்று பயந்தாள். ஃபாதர் அவள் நெற்றியில் சாம்பல் பூசியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆண்டவரே, இந்த வருஷம் ஈஸ்டரே வரவேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள்.