ஹவுஸ் அட்டை

எனக்கு ஒன்பது வயதானபோது, என் சித்தி தன் சொந்தப் புருஷனோடு சேர்ந்து வாழ ஒரு பரீட்சை எழுத வேண்டியிருந்தது. சித்தப்பா ஜெர்மனியில் ஒரு பேக்கரியில் வேலை செய்தார். அடிப்படை ஜெர்மன் தெரியாத மனைவிக்கு விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சித்தி ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்தாள். இன்னொரு முறை தோற்றால் இனி எழுதுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமைகளில் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வகுப்புக்கு வருவாள்; அன்றிரவு அம்பிட்டியவில் எங்கள் வாடகை வீட்டில் தங்குவாள். சொல் அட்டைகளைக் காட்டிக் கேள்வி கேட்பது என் உத்தியோகம். அதில் நான் ஈவிரக்கம் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பிக்கும் சித்தி, ஹவுஸ் அட்டையை நீட்டி உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் ஊமையாகிவிடுவாள். பரீட்சையில் சறுக்கியதும் அங்கேதான். பாடப்புத்தகத்து வீட்டில் மாடிப்படி, பூந்தோட்டம், விருந்தினர் அறை எல்லாம் இருந்தன. மற்றவர்கள் அதையே மனப்பாடம் செய்து தங்கள் வீடாக்கிக்கொண்டார்கள். சித்திக்கு அது வாயில் வரவில்லை. இங்கிலீசிலும் ஹவுஸ்தானே, இதில் என்ன கஷ்டம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒருநாள் சித்தப்பா போனில் வேறு வழி பார்த்தார். இங்கிலீஷ், ஜெர்மன், நோர்வே, ஒல்லாந்து எல்லாவற்றுக்கும் ஹவுஸ் என்பது ஒரே பழைய சொல்லாம். நோர்வேயில் ஹூஸ், ஒல்லாந்தில் ஹொய்ஸ். மூடுவது, மறைப்பது என்பது ஆதிப் பொருளாக இருக்கலாமாம், யாருக்கும் நிச்சயமில்லையாம்.

"நம்ம கக்கூசுங்கிற சொல்லுல கடைசியா வர்ற ஊசும் அதே வீடுதான். ஒல்லாந்தக்காரன் விட்டுட்டுப் போன சொல்லு," என்றார்.

நான் தரையில் உருண்டு சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை.

"சரியாத்தான் இருக்கு. லயத்துல நாங்க இருக்கிற ஒத்த அறைய காம்பரான்னுதான் சொல்றோம். வீடுங்கிற பேரு கக்கூசுக்கு மட்டுந்தான்."

சித்தப்பாவும் அதே தோட்டத்தில் பக்கத்து லயத்துக்காரர்; அதே மாதிரித் தொழிலாளர் வரிசை அறையில் வளர்ந்தவர்.

"அப்ப உள்ளதையே சொல்லு. ஒரு காம்பரா, ஆறு பேரு. பொய் இல்லாட்டி தானா வரும்," என்றார்.

வந்தது. சித்தி பாஸானாள், குளிர்காலத்தில் புறப்பட்டும் போனாள். போய்ச் சேர்ந்த மறுநாள் வீடியோவில் கூப்பிட்டாள். எனக்குப் பனி பார்க்க வேண்டும். அவளோ கட்டட வாசலில் நின்று, சுவரில் இருந்த ஒரு தகரத் தபால்பெட்டியைக் காட்டினாள். தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் ஆபீசுக்குத்தான் வரும். லயத்துக்குத் தனி முகவரி கிடையாது.

"இது வீட்டு நம்பர். இது என் பேரு," என்று எழுத்தெழுத்தாக விரலை வைத்துக் காட்டினாள். போன் அங்கிருந்து நகரவே இல்லை.

ஒரு தகரப் பெட்டியில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. "சித்தி, அது போதும். பனியைக் காட்டுங்க," என்றேன்.