வால்வு பூட்டிய ஞாயிறு

என் கணவர் வேலை செய்த வீட்டு எசமானியான இத்தாலியச் சிஞ்ஞோரா, காரின் பின்னால் கொழுவி இழுக்கும் பழைய கரவன் ஒன்றை அவருக்குச் சும்மா கொடுத்தார். சும்மா கிடைக்கிறது என்றால் இவருக்குத் தலைகால் புரியாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் தெரிந்தவரின் பட்டறை முற்றத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்துதான் சொன்னார்.

உள்ளே கட்டில் இருந்தது, அடுப்பு இருந்தது, கழிவறையும் இருந்தது. கிழமை முழுக்க ஊரார் வீட்டுக் கழிவறைகளைக் கழுவுகிற எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருக்கு ஒரே ஆசைதான். பலெர்மோவுக்கு வந்த நாள் முதல் கடலைப் பேருந்து யன்னலால்தான் பார்க்கிறோம். ஒரு கிழமையாவது அதன் பக்கத்தில் படுத்து எழும்ப வேண்டும். நான் ஒரு நிபந்தனை போட்டேன். கழிவுத் தொட்டி ஒரு சொட்டு ஒழுகினாலும் கரவன் பழைய இரும்புக்குப் போகும். அவர் தலையாட்டினார்.

அடியில் இரண்டு தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. கைப்பிடியை இழுத்தால் தகடு விலகித் திறக்கும், தள்ளினால் மூடும். சமையல் தண்ணீர்த் தொட்டியின் வால்வுக்குக் கிரீஸ் போதும் என்றார். கழிவறை வால்வின் ரப்பர் வளையம் தொட்டதும் உதிர்ந்தது. தொட்டியைக் காலி செய்து கழுவி, புது வால்வு வாங்கி, அடுத்த ஞாயிறு அட்டையை விரித்துக்கொண்டு அடியில் புகுந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் உள்ளே, கழிவறையில், ஒழுக்குப் பார்க்கச் சவர்க்காரத் தண்ணீர் வாளியோடு நீதவான் மாதிரி நின்றேன்.

“இஞ்சாருங்கோ, பூட்டியாச்சோ?”

“ஓம், பூட்டியாச்சு.”

ஊற்றினேன்.

எங்கள் பேச்சில் கதவை மூடினாலும் பூட்டுவதுதான், சைக்கிளுக்குச் சில்லை மாட்டினாலும் பூட்டுவதுதான். நான் மூடியாயிற்றா என்று கேட்டேன். அவர் மாட்டியாயிற்று என்று சொன்னார். தகடு திறந்தே கிடந்தது.

வாளியை வைத்துவிட்டு இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன். தலை நிறைய நுரையோடு படுத்திருந்தார். கழுவிய தொட்டி என்று பேர்; நாற்றம் அப்படிச் சொல்லவில்லை.

“இது ஒழுகேல்லை,” என்றார். “ஊத்துப்பட்டது. இதைக் கணக்கிலை எடுக்காதையும்.”

தலையில் ஊற்றியவளைத் திட்டாமல், கடல் கைநழுவிவிடுமோ என்று பயப்படுகிற மனிதர். எனக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அதை அடக்கப் பெரும்பாடுபட்டேன்.

கைப்பிடியை நானே தள்ளி மூடினேன். இன்னொரு வாளி ஊற்றிவிட்டு வந்து, வால்வுக்குக் கீழே காய்ந்த அட்டை ஒன்றை வைத்தேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அட்டையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“அது உங்கடை தலையிலையிருந்து விழுந்தது,” என்றேன். “போய்த் துடையுங்கோ.”

அவர் துவாய் தேடிப் போனதும் ஸ்பனரை எடுத்து, வால்வின் நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.