வாயிலிருந்த இரண்டு வாஷர்

இரண்டு வாஷரையும் வாய்க்குள் போட்டு, இடது கன்னத்தில் அடக்கிக்கொண்ட பிறகுதான் லிப்ட்காரர் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவார். மேசையில் வைத்தால் உருண்டு போய்விடுமாம். முக்காலியில் உட்கார்ந்து, ரிமோட்டில் பறக்கிற குட்டி விமானத்தின் வாலை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, மூக்கை மேலே நிமிர்த்திக்கொள்கிறார். மூக்குப் பலகையில் நாலு ஓட்டை. உள்ளங்கைக்குள் அடங்குகிற இன்ஜினை அதன்மேல் உட்காரவைத்து, நாலு போல்ட்டையும் முறுக்குகிறார். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறார். உச்சுக் கொட்டிவிட்டுக் கழற்றுகிறார்.

எங்கள் கட்டடத்து லிப்ட் பதினோரு நாள் படுத்துக் கிடந்தது. மூன்று பேர் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். இவர் வந்தார், நாற்பது நிமிடத்தில் ஓட்டிக் காட்டினார். அப்பேர்ப்பட்ட கை இந்தத் துளியூண்டு இன்ஜினை நாலு மாதமாக மாட்டிக்கொண்டே இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் அவர் வீட்டுக்குப் போனேன்.

வேலை நடுவே கேள்வி கேட்டால், வாஷர்களைக் கையில் துப்பிப் பதில் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போட்டுக்கொள்வார். இன்ஜினை நேராக மாட்டக் கூடாதாம். விசிறி சுற்றுகிற வேகத்தில் விமானம் இடது பக்கமே இழுக்கும். இடது போல்ட் இரண்டுக்கும் அடியில் ஒவ்வொரு வாஷர் கொடுத்தால், இன்ஜினின் மூக்கு கொஞ்சம் வலது பக்கம் திரும்பும். "ஒரு நூல்தான் சார். அது இருந்தா நேரா போகும், நேரா வீட்டுக்குத் திரும்பும்" என்றார்.

நாலு மாதத்துக்கு முன் அதைப் பறக்க விட்ட அன்றைக்கு அந்த ஒரு நூல் இல்லை. மைதானத்தில் வைத்து அவசர அவசரமாக மாட்டியிருக்கிறார். விமானம் ஓட்டுகிறவர் அவர் தங்கையின் கணவர். "மச்சான், காத்து கிளம்பறதுக்குள்ள விட்டுடலாம்" என்று பக்கத்தில் நின்று ஒரே நச்சரிப்பு. விமானம் எழும்பியது. "நல்லா ஏறுது மாப்ளன்னு சொல்ல வாயைத் திறந்தேன் சார். வாஷர் ரெண்டும் கீழ விழுந்துச்சு."

விமானம் இடது பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து மரங்களைத் தாண்டியது. ரிமோட்டும் கையுமாக மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார். "இதோ வந்துடறேன் மச்சான்னான். போனவன்தான்." போலீஸ் தேடியது, நாய் தேடியது. மரங்களுக்கு அந்தப் பக்கம் வெறும் வெட்டவெளி. நாலாம் நாள் காலையில் தங்கை துணி உலர்த்த மாடிக்குப் போனாள். அங்கே விமானம் மூன்று சக்கரத்திலும் நின்றுகொண்டிருந்தது. ஒரு கீறல் கிடையாது. பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காத எரிபொருள் டாங்க் காய்ந்து கிடந்தது. இன்ஜின் மட்டும் கை வைக்க முடியாத சூடு.

நமக்கு இந்த மாதிரிக் கதையெல்லாம் ஆகாது. "போதும், விடுங்க" என்றேன். அவர் விமானத்தின் பாட்டரி ஒயரைச் செருகினார். புதிதாக வாங்கிய ரிமோட் பெட்டிகூடப் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. விமானத்தின் வால் மெல்ல இடது பக்கம் திரும்பியது. கொஞ்சம் பொறுத்து, மறுபடி திரும்பியது. "பழைய ரிமோட் அவன்கிட்டதான் இருக்கு" என்றார். நான் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

இதைத் தங்கையும் பார்த்துவிட்டாள். அன்று பிடித்த பிடிவாதம் இன்னும் விடவில்லை. அன்றைக்கு மாட்டின மாதிரியே, வாஷர் இல்லாமல் மாட்டு. பறக்க விடு. அது எங்கே போகிறதோ அங்கே நானும் போகிறேன். "அவர் கூப்பிடறார்ணா. பாத்துக்கிட்டே சும்மா உக்காந்திருக்கியே?"

முடியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, தப்பு அவருடையதாயிற்றே. அதனால் வாரம் ஒரு நொண்டிச் சாக்கு. ஒரு வாரம் போல்ட் தேய்ந்துவிட்டது, மறுவாரம் பலகையில் விரிசல். "மாப்ள போயிட்டான் சார். இருக்கறது இவ ஒருத்திதான்" என்று என்னிடம் சொன்னார்.

நேற்றுச் சாயங்காலம் நான் மறுபடி போயிருந்தபோது சாக்கெல்லாம் தீர்ந்துபோயிற்று. கணவரின் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் முக்காலிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டாள். நாலு போல்ட்டும் இறுகின.

"வாஷர் போட்டியாண்ணா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எங்க, வாயைத் திற."

திறந்தார். நாக்கின்மேல் இரண்டு வாஷரும் கிடந்தன. அவள் தாடையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பி, எண்ணிப் பார்த்தாள். "என் அண்ணன்னா அண்ணன்தான்" என்று கன்னத்தைத் தட்டினாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த ஷூவை மாட்டிக்கொள்ள வாசல் பக்கம் போனாள்.

லிப்ட்காரர் வாஷர்களை உள்ளங்கையில் துப்பினார். சத்தம் வராமல் இடது போல்ட் இரண்டையும் கழற்றினார். விமானத்தின் வால் படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது. பாட்டரி ஒயர் செருகாமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். "மன்னிச்சுக்கடா மாப்ள" என்று முணுமுணுத்தபடி முழங்கால்களை இறுக்கி வாலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாஷராக அடியில் கொடுத்தார்.