பருப்பு வேகாத பண்ணை

எங்கள் வீட்டுக் குடிதண்ணீருக்கு எப்போதும் ஒரு பால் வாசம் இருக்கும்...

காரணம் சொல்கிறேன். எழுபதுகளில், தூத்துக்குடியிலிருந்து தருவைகுளம் போகும் வழியில் அப்பா ஒரு மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். பன்னிரண்டு மாடு, கொஞ்சம் தென்னை, ஒரு பெரிய கிணறு. கிணற்றில் தண்ணீருக்குக் குறைவே கிடையாது. ஆனால் வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. சோப்பு நுரைக்காது. காப்பி போட்டால் பால் திரிந்துவிடும். மாடுகள் மட்டும் வேறு வழியில்லாமல் குடிக்கும்.

காலையில் இரண்டு கேன் பாலை சைக்கிளில் கட்டி டவுன் காப்பிக் கடைகளுக்கு நான் கொண்டுபோவேன். திரும்பும்போது அதே கேன்களைக் கழுவி, டவுன் குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து வருவேன். குடிக்க, சமைக்க எல்லாம் அதுதான். பாலாகக் கொண்டுவரும்போதே பாதி தண்ணீர்தானே என்று கடைக்கார அண்ணாச்சிகள் கேலி செய்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அப்பா இப்போது இல்லை, அதனால் சொல்கிறேன்.

இந்த உப்புத் தண்ணீரால் எனக்கு மூன்று சம்பந்தம் தட்டிப்போனது.

நாலாவதாக ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு ஆற்றங்கரை ஊரில் பகவதியைப் பெண் பார்க்கப் போனோம். பஸ் ஸ்டாப் வரை சைக்கிளில் போனவன், பேண்ட் செயினில் சிக்காமல் இருக்க மாட்டிய கிளிப்பைக் கழற்ற மறந்துவிட்டேன். காப்பி கொடுக்க வந்தவள் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினாள். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பாவும் அம்மாவும் பண்ணையைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது...

அப்பா ஒரு திட்டம் போட்டார். தண்ணீரைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. மோட்டாரைப் போட்டுவிட வேண்டும்.

"தண்ணி இம்புட்டு கொட்டுறதைப் பாத்தா, அதை எவம்லே நாக்குல விட்டுப் பாக்கப் போறான்?"

அன்றைக்கென்று நான் கொண்டுவந்த இரண்டு கேன் நல்ல தண்ணீரையும் மோட்டார் ரூம் நிழலில் வைத்திருந்தேன். அவர்கள் வந்து இறங்கும் சத்தம் கேட்டதும் அப்பா ஓடிப்போய் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியதே தவிர தண்ணீர் ஏறவில்லை. குழாயில் மேலிருந்து தண்ணீர் ஊற்றினால்தான் அது இழுக்கும். பதற்றத்தில் கைக்குக் கிடைத்த கேனைத் தூக்கி மடமடவென்று ஊற்றிவிட்டார். காலமெல்லாம் உப்புத் தண்ணீர் குடித்த மோட்டாருக்கு அன்றைக்கு ஒரு விருந்து.

மோட்டார் இருமியது. முதலில் ஒரு தவளை வந்து விழுந்தது. பிறகு தண்ணீர் கொட்டியது. மாமனார் அசந்துதான் போனார்.

இன்னொரு கேன் இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தால்... செவலைப் பசு கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து, மூடியைத் தள்ளிவிட்டு, அடிவரை குடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் ருசி தெரியும்தானே. அம்மா தலையில் கை வைத்துவிட்டாள்.

இதற்குள் மாமியார் நேராக அடுப்பங்கரைக்குப் போனார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி துவரம்பருப்பை எடுத்தார். இதை உங்கள் தண்ணீரில் கொஞ்சம் வேக வைத்துத் தாருங்கள் என்று அம்மாவிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்!

வேறு வழியில்லாமல் அம்மா கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு மணி நேரம் ஆனது. விறகு தீர்ந்ததுதான் மிச்சம், பருப்பு போட்டது போட்டபடி முழுசாகக் கிடந்தது. மாமியார் நாலு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. எழுந்து வெளியே வந்தார்.

"தம்பி, இந்தத் தண்ணி எப்பவும் இப்படித்தானா?"

அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினார். மழை பெய்தால் சரியாகிவிடும், மாடு விழுந்து கலங்கிவிட்டது என்று சொல்ல எத்தனையோ பொய் இருந்தது. ஆனால் அந்தப் பெண் வந்து நாளைக்கு இதே அடுப்பு முன்னால் உட்கார வேண்டுமே என்று நினைத்ததும் எனக்கு வாய் வரவில்லை.

"எப்பவும் இப்படித்தான் அத்தை. பருப்பு வேவாது. டவுன்ல இருந்துதான் நல்ல தண்ணி வரணும்."

நாலாவதும் போச்சு என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"யாரு எடுக்கது?" என்றார் மாமியார்.

"நான்தான். தெனமும் சைக்கிள்ல ரெண்டு கேன் கொண்டு வாரேன்."

மாமியார் மாமனார் பக்கம் கையை நீட்டினார்.

"எங்க வீட்டுப் பின்னாலயே ஆறு ஓடுது தம்பி. கல்யாணமாயி வந்த நாள்ல இருந்து நான்தான் குடம் தூக்குதேன். இந்த மனுசன் ஒரு செம்பு மோந்து தந்ததில்ல."

மாமனார் சட்டென்று தென்னை மரங்களை எண்ண ஆரம்பித்தார்.

"எம்மவ வந்தப்புறமும் நீங்கதான எடுப்பிய?"

"ஆமா அத்தை."

"பேச்சு மாறப்படாது."

தை மாதம் கல்யாணம். மாமியார் உயிரோடு இருந்தவரை எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாலும், செருப்பைக் கழற்றும் முன்னே பகவதியிடம் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீர் யார் எடுக்கிறார்கள் என்பதுதான். மாப்பிள்ளை சுகமா என்பதெல்லாம் அப்புறம்.

இப்போது பண்ணை இல்லை. டவுனில் வீடு. ஒரு போன் போட்டால் வாட்டர் கேன் வாசலில் வந்து இறங்குகிறது. வாசலிலிருந்து அடுப்படிக்குப் பத்தடிதான், அதையும் நான்தான் தூக்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். எடை தூக்கவே கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தால், பகவதி வாசலில் உட்கார்ந்து கேனிலிருந்து சின்னக் குடத்தில் தண்ணீரைச் சரித்து, இடுப்பில் வைத்து உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இடுப்பில் குடத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. வை கீழே, உங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று சத்தம் போட்டேன்.

அவள் குடத்தை இறக்கவில்லை.

"அம்மதான் போய்ச் சேந்துட்டாள்லா... இனிம யாரு வந்து கேக்கப் போறா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.