அடுத்த வருடத்து வயது

2007 ஜூலை 14, சனிக்கிழமை, மாலை நாலரை மணி. அச்சகத்தின் கணினி அறையில், மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, பதினேழு பேர் முப்பது மீட்டர் ஓடிய நேரங்களை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். தேதியை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த அறையில் அன்று அதைச் சரியாக அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

மாமா சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் காலண்டர் வடிவமைப்பவர். முழங்கால் பிசகி ஆட்டத்தை விட்ட பிறகு, காலை நேரங்களில் எங்கள் பள்ளிப் பெண்களுக்குக் கால்பந்து பழக்கினார். பயிற்சி முறைகளை அவருக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரு கணினி. ஆகவே அணியை அதற்குள் கொண்டுபோய் வைத்தார். எக்செல்லில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி. பிறந்த தேதி, எடை, ஓட்ட நேரம், காலையில் சாப்பிட்டாளா இல்லையா என்பது வரை அதில் இருந்தது. முன்னேறியவளின் கட்டம் சியான் நீலத்துக்கும் பின்தங்கியவளின் கட்டம் மஜெந்தா இளஞ்சிவப்புக்கும் மாறும். பச்சை, சிவப்பு என்னும் சாதாரண நிறங்கள் அச்சகத்துக்காரர்களுக்குத் தோன்றுவதில்லை. வாராந்திரப் பயிற்சித் திட்டம், வீணான காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அச்சாகி வரும். எங்கள் புதன்கிழமை ஓட்டத்தைத் திருப்பிப் பார்த்தால் பாதி முகத்தோடு முருகன் சிரித்துக்கொண்டிருப்பார்.

"எங்கண்ண நம்பாதீக, கட்டத்தப் பாருங்க" என்பார் மாமா. அவர் குரலில், கட்டத்தைத் தாமே போட்டோம் என்ற நினைவின் சுவடுகூட இருக்காது.

எனக்குப் பத்து வயது. எண்களைப் பிழையில்லாமல் அடிப்பேன் என்பதால் அந்த முக்காலி எனக்குக் கிடைத்தது. அணியிலும் எனக்கு ஓர் இடம் இருந்தது: பதினேழாவது வரி. போட்டிக்குப் போகிறவர்கள் பதினாறு பேர்.

முதல் வரி மாரீஸ்வரி. அவளுடைய ஓட்ட நேரங்களைக் கோட்டுப்படமாகப் போட்டால் கோடு வாராவாரம் இறங்கிக்கொண்டே வரும். அடுத்த வாரம் விருதுநகரில் பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான தேர்வுப் போட்டி. அதில் தேறினால் விளையாட்டு விடுதியில் இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் உண்டு. திங்கட்கிழமை காலைக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும். அதற்காகவே மாமா அந்த வாரம் வயதைத் தானே கணக்கிடும் ஒரு சூத்திரத்தைச் சேர்த்திருந்தார். பதினொன்று முடிந்திருக்க வேண்டும்; பதினான்கு முடிந்திருக்கக் கூடாது. சூத்திரத்தைப் போட்டதும் மாரீஸ்வரியின் கட்டம் மஜெந்தாவாக மாறியது.

செய்தி கேட்டு அவள் அம்மா வந்திருந்தார். தாயில்பட்டிப் பக்கம் ஒரு வெடி ஆபீசில் பட்டாசு செய்யும் வேலை. கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி நேராக வந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர்ந்த அறைக்குள் நின்றார். முழங்கை வரை வெள்ளிப்பொடி படிந்திருந்தது.

"சார், எம்பிள்ளைக்குப் பதிமூணுதான் சார் முடிஞ்சிருக்கு."

"நான் சொல்லலக்கா, கம்ப்யூட்டர் சொல்லுது. தொண்ணூத்தி நாலு ஏப்ரல்ல பொறந்திருக்கா. நீங்களே எண்ணுங்க. ரெண்டாயிரத்தி எட்டு வரைக்கும் எம்புட்டு ஆச்சு?"

அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, நடுவில் குழம்பி, உதவிக்காகச் சுவரைப் பார்த்தார். சுவர் முழுக்கக் காலண்டர்கள் தொங்கின. எல்லாம் 2008.

"பதினாலு" என்றார் மாமா மெதுவாக. "கள்ள வயசு குடுத்தோம்னு தெரிஞ்சா டீமையே வெளிய தள்ளிருவாக."

"நான்ல பெத்தேன். ஒங்க டப்பாவா பெத்துச்சு?" அவர் குரல் உடனே தணிந்தது. "விடுதி கெடைக்கலன்னா இந்த வருசத்தோட படிப்ப நிப்பாட்டிருவாக அவுக அப்பா. எங்கூட வேலைக்குத்தான் வரணும். இன்னொருக்கா கேட்டுப் பாருங்க சார்."

மாமா மறுபடி ஒரு முறை தட்டினார். மஜெந்தா. அவர் முகமும் வாடித்தான் இருந்தது. அணியில் கோல் அடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த அம்மா கதவைத் திறந்து வெளியேறிய நேரத்தில்தான் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். 14 ஜூலை 2008, திங்கள். திங்கட்கிழமை என்றால் நான் பள்ளிச் சீருடையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

காலண்டர் அச்சகங்களில் ஏப்ரலிலேயே அடுத்த வருடம் பிறந்துவிடும். கிழமைகள் தாமாகவே சரியாக விழட்டும் என்று மாமா கணினியின் கடிகாரத்தை ஒரு வருடம் முன்னால் நகர்த்தி வைத்திருந்தார். அவரும் கூடவே நகர்ந்துவிட்டார். வீட்டில் தீபாவளி என்றைக்கு என்று கேட்டால் அடுத்த வருடத்துத் தேதியைத்தான் சொல்வார். அந்த அறையில் யாரும் பொய் சொல்லவில்லை. மாமாவும் கணினியும் மட்டும் ஒரு வருடம் தள்ளி உண்மையைச் சொன்னார்கள்.

வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா சுட்டியை இழுத்து, முதல் வரியை அழித்தார். கீழிருந்த வரிகள் ஒவ்வொன்றாக மேலேறின. பதினாறாவது வரியில், சியான் நிறத்தில், என் பெயர் வந்து நின்றது.

"ஏ புள்ள, விருதுநகருக்கு நீயும் வாற" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார். பூட்ஸ் வாங்க அப்பா என் பாதத்தைக் காகிதத்தில் வைத்து அளவு வரைந்தார். நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறொன்றை எழுதிப் பார்த்தேன். மாரீஸ்வரி, பதின்மூன்று. நான், பத்து. கடிகாரம் சரியானால் அவள் உள்ளே வருவாள். நான் பதினேழாவது வரிக்குக்கூட ஆகமாட்டேன். அந்தக் கூடுதல் வருடம் அவளைத் துரத்திய அதே கையால் என்னை உள்ளே இழுத்திருந்தது. கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன். பிழை இல்லை. பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் மாரீஸ்வரியே வந்தாள். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை என் கையில் வைத்தாள். அவளுடைய பனியன்.

"இந்தா. ஒங்க மாமாட்ட இருக்கிறது அம்புட்டும் பெரிய சைசாம். இதுவே ஒனக்கு முட்டி வரைக்கும் வரும். கையில தையல் விட்டுருக்கு, ஊக்கு குத்தி வச்சிருக்கேன். பாத்துப் போடு."

பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பந்து வந்தா கண்ண மூடாத, என்ன? நீ ஓடுறதப் பாத்தா ஒங்க மாமா கம்ப்யூட்டரே பரவால்லன்னு இருக்கு." சிரித்துக்கொண்டே திரும்பியவள், படியில் நின்று சொன்னாள்: "பயப்படாதடீ. மொத அஞ்சு நிமிசந்தான் காலு நடுங்கும்."

பொட்டலத்தைப் பிரித்தேன். கழுத்துப் பட்டியில், எத்தனை முறை துவைத்தாலும் போகாத வெள்ளிக்கறை விரல் அகலத்தில் இருந்தது. தலைவழியே மாட்டிவிடும்போது அவள் அம்மாவின் கை பட்ட இடமாக இருக்கும்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, பனியனைக் கையில் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாமா பட்டியலை அச்சிடத் தாளைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, கம்ப்யூட்டர்ல இன்னைக்குச் செவ்வாக்கிழமைன்னு போட்டுருக்கு."

"அது காலண்டருக்காக..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். திரை மூலையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அட கிறுக்குப் பயலே" என்று தம் நெற்றியில் தாமே அடித்துக்கொண்டார்.

அழித்த வரியை மீட்டு, கடிகாரத்தை ஒரு வருடம் பின்னால் தள்ளினார். இரண்டு கட்டங்கள் ஒரே கணத்தில் நிறம் மாறின. முதல் வரி சியான். கடைசி வரி மஜெந்தா. மாமாவின் விரல் சுட்டியின் மேலேயே நின்றது.

"ஏ புள்ள, ஒன்னோடது..."

"தெரியும் மாமா. பத்துதான் ஆகுது."

"எப்பப் பாத்த?"

"நேத்து."

இன்னும் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பட்டியலை அச்சிட்டார், கடிகாரத்தை மறுபடி 2008க்கே மாற்றினார், கம்பெனிக்கு அது வேண்டுமே. பிறகு, யாரையும் தொடவிடாத ஸ்டாப்வாட்சைக் கழுத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

ஆறு மணிக்கு மைதானத்தில் மாரீஸ்வரி பள்ளிச் சட்டையோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பனியனை நீட்டி, "ஒனக்குப் பதிமூணுதான்" என்றேன்.

"அததான எங்கம்மாவும் சொல்லிச்சு" என்று வாங்கி, சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு கோட்டுக்குப் போனாள்.

நான் முப்பதாவது மீட்டரில் நின்றேன். மாமா கையைத் தூக்கி இறக்கினார், பொத்தானை அழுத்தினேன். அவள் என்னை நோக்கி ஓடி வந்தாள். என்னைக் கடந்தாள். கடந்தும் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் கையில் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு நேரத்தைக்கூடத் தவறவிட்டதில்லை என்று பெயர் வாங்கிய நான், அன்று எதைப் பார்த்து விரலை மறந்தேன் என்பது எனக்குப் புரியவில்லை.

"எம்புட்டு?" என்றாள் மூச்சிரைக்க.

"தப்பாப் போச்சு. மறுபடி ஓடணும்."

"ஏடி, வெளயாடுறியா?" என்று திட்டியபடி கோட்டை நோக்கி நடந்தாள். நான் எண்களைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, கட்டைவிரலைப் பொத்தானின்மேல் வைத்தேன்.