மாசி ரொட்டி தின்ற மத்தியானம்

பர்மா அரிசி வரத்து நின்றுபோய், ரேஷனில் கல்லும் புழுவுமாகப் போட்டுக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் குமாஸ்தா. பிள்ளைகள் இரண்டுக்கும் போட்டு, வேலைக்குப் போகிற ஆம்பளையாயிற்றே என்று அவருக்குத் தூக்குச்சட்டியில் சோறும் மீன்குழம்பும் கட்டி அனுப்பிவிட்டால், எனக்கு வடிதண்ணீர்தான் மிஞ்சும். உப்புப் போட்டுக் குடித்துவிட்டு ஒரு மூலையில் சுருண்டுகொள்வேன். சாயங்காலம் சட்டி பளிச்சென்று கழுவித் திரும்பி வரும். பாவம் மனுஷன், அவ்வளவு அலுப்பிலும் இதைக் கழுவுகிறாரே என்று நினைத்துக்கொள்வேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு நாள் அவர் சட்டியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வெயிலில் துறைமுகம் வரை நடந்தேன். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன்.

வாசலில் நின்ற காவல்காரர், "அண்ணாச்சி லாஞ்சுல கப்பலுக்குப் போயிருக்காக. மத்தியானம் எதுத்தாப்புல ரொட்டிக்கடைக்குத்தான் வருவாக. அங்கன குடுத்துட்டுப் போங்க" என்றார்.

அந்தக் கடைக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை. கடைக்காரர் கொழும்பில் பேக்கரி வேலை பார்த்துவிட்டு வந்தவராம். சட்டியை மேஜைமேல் வைத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டுதா நம்ம சாப்பாடு? ஏளா, நீ அண்ணாச்சி வீட்டு வேலைக்காரியா?"

என் சேலையையும் கழுத்தெலும்பையும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மறுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தண்ணீர் கேட்டேன்.

"மொதல்ல இதத் தின்னு. கண்ணு இருட்டுத மாதிரி நிக்கே."

கல்லாகக் காய்ந்த மாசிக் கருவாட்டை இடித்து, வெங்காயம், வற்றல் மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சை பிழிந்து வைத்திருந்தார். ரொட்டியைப் பிளந்து அதை நடுவில் அடைத்து, எண்ணெய் தடவிய கல்லில் போட்டு அமுக்கி எடுத்துக் கொடுத்தார். மாசி ரொட்டியாம். சும்மா சொல்லக் கூடாது, மேலே மொறுமொறுவென்று, உள்ளே சுள்ளென்று, அப்படி ஒரு ருசி. நின்றபடியே தின்று விரலையும் நக்கினேன்.

"அண்ணாச்சிக்கும் இதுன்னா உசுரு" என்றார் அவர். "ஒரு வருசமா தெனமும் ரெண்டு ரொட்டி அவுகளுக்கு, அந்தச் சோறு எனக்கு. ரொட்டி சுடுதவனுக்கு ரொட்டி எறங்குமா? சட்டியையும் நானே கழுவிக் குடுத்துருதேன். உங்க வீட்டம்மாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு. கொழம்புல புளியக் கொஞ்சம் கொறைக்கணும்."

ஒரு வருஷம் நான் பட்டினி கிடந்தது இந்த மனுஷன் பசியாறவா? அதில் புளி வேறு தூக்கலாம். என் வீட்டுக்காரரை ருசிக்காகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ரொட்டியில் ஒன்றை, ஒரே ஒரு நாள், காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாமே. பிள்ளைகளுக்காவது.

சட்டியை என் பக்கம் இழுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து தின்ன ஆரம்பித்தேன்.

"ஏளா, அது எஞ் சாப்பாடு" என்றார் கடைக்காரர்.

"பொங்குனவ நான்" என்றேன். ஒரு பருக்கை விடவில்லை. புளி சரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து வெகுநேரம் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "'உங்க வேலைக்காரி சோத்தத் தின்னுட்டா'ங்கான் ரொட்டிக்கடைக்காரன். அது எம் பொண்டாட்டின்னு நானும் சொல்லல. நாளைக்கு அவன்கிட்ட என்னன்னு சொல்ல?"

உனக்குப் பசித்ததா என்று கேட்பார் என்றுதான் அவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

"வேலைக்காரி நின்னுட்டாளாம்னு சொல்லுங்க" என்றேன்.